ஒரு வரி அறிவிப்பும் ஆங்கில இலக்கணமும்

தோட்டங்களில் ஒரு காலத்தில் கடிதம் வந்தால், அதனைப் படித்துப் பொருள் சொல்ல எழுத்தறிந்த ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலக் கடிதமாயின் கிராணியாரையே நாட வேண்டும். இன்று அந்நிலை மாறிவிட்டது. கடிதங்கள் குறைந்து, அகப்பக்கங்களும் வங்கிகளும் அனுப்பும் ஒரு வரி அறிவிப்புகள் நேரே கைப்பேசியில் வந்து சேருகின்றன. அவற்றைப் படித்துக் கூறும் கிராணியார் இன்று யார்? பல இல்லங்களில் நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ பயிலும் பிள்ளையே அப்பணியை மேற்கொண்டுள்ளது. "இதில் என்ன போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்" என்று தாயோ பாட்டியோ கைப்பேசியை நீட்டுகின்றனர். பிள்ளை கூறும் விடையை நம்பியே பணம் கட்டப்படுகிறது. அல்லது கட்டாமல் விடப்படுகிறது.

அறிவிப்புகளுள் பல தேசிய மொழியாகிய மலாயில் வருகின்றன. அவற்றை விடுத்து, ஆங்கிலத்தில் வருவனவற்றை மட்டுமே ஈண்டு ஆராய்வோம். மாணவர்கள் இவற்றைப் பிழையறப் படிக்க வேண்டும். நாளை அவர்களுள் சிலர் இத்தகைய அறிவிப்புகளை எழுதும் பணியிலும் அமரக்கூடும். அவர்கள் பிழையற எழுதவும் வேண்டும்.

"ஒரு வரிதானே, இதற்கு இலக்கணம் எதற்கு?" எனச் சிலர் வினவுவர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் ஒரு சொல் பிழையாக இருப்பின், அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்றொடர்கள் பொருளை விளக்கிவிடும். ஒரு வரி அறிவிப்பிற்கோ அக்கம்பக்கம் கிடையாது. அதில் உள்ள ஆறேழு சொற்களே முழுப் பொருளையும் சுமக்கின்றன. அவற்றுள் ஒன்று சாய்ந்தால் பொருள் முழுவதும் சாய்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஓர் அறிவிப்பை நாமே புனைந்து காண்போம். ஒரு பள்ளியின் அகப்பக்கத்திலிருந்து பெற்றோருக்கு வருவதாகக் கொள்க: "டியர் பேரண்ட், ப்ளீஸ் பி இன்ஃபார்ம் தட் யுவர் சைல்ட் ரிப்போர்ட் ஹேட் பீன் அப்லோட். யூ ஹேவ் 1 நியூ மெசேஜஸ். கைண்ட்லி லாகின் அண்ட் ரிவர்ட் அன்டில் ஃபிரைடே." பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கை அகப்பக்கத்தில் ஏற்றப்பட்டுள்ளது, புதிய செய்தி ஒன்று வந்துள்ளது, உள்ளே சென்று பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் மறுமொழி தருக என்பதே எழுதியவர் கூற எண்ணியது. இம்மூன்று வாக்கியங்களில் ஏழு பிழைகள் உள்ளன. பிழையோ வழக்கோ என ஐயுறத்தக்க சொல் ஒன்றும் உண்டு. மாணவர்கள் மேலே படிக்குமுன் அவற்றைத் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் சொல்லிறுதியில் மறைந்துபோன ஒலிகளைக் காண்போம். "இன்ஃபார்ம்" என்பது "இன்ஃபார்ம்ட்" என்றும், "அப்லோட்" என்பது "அப்லோடட்" என்றும், "சைல்ட்" என்பது "சைல்ட்ஸ்" என்றும் வந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இவ்வீறுகளை விட்டுவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் வாரா என்பது நம் இலக்கண நூல்களின் விதி. ஆகவே இறுதியில் வரும் "ட்" என்னும் ஒலியை நம் செவி எளிதில் பற்றுவதில்லை. நாவும் அதனை விழுங்கிவிடுகிறது. நாவு விழுங்கியதைக் கையும் எழுதாமல் விடுகிறது. இது சோம்பலால் வருவதன்று. தாய்மொழிப் பழக்கத்தால் வருவது. காரணம் இதுவென அறிந்தபின், எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது எளிதாகும்.

அடுத்து, அறிவிப்பின் உயிர்நாடியாகிய துணைவினைகளுக்கு வருவோம். பிற பிழைகளைக் காட்டிலும் இதில் நாம் சற்று நெடிது தங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், பணம் இழப்பதும் காப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஒருவர் மின்கட்டணத்தை இணையத்தின் வழியே செலுத்துகிறார் எனக் கொள்வோம். அவருக்கு நான்கு வகையான செய்திகளுள் ஏதேனும் ஒன்று வரலாம். "யுவர் பேமெண்ட் ஈஸ் பீயிங் ப்ராசெஸ்ட்" என்றால், கட்டணம் செயற்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது, பணி இன்னும் முடியவில்லை, பொறுத்திருக்க வேண்டும். "யுவர் பேமெண்ட் ஹேஸ் பீன் ப்ராசெஸ்ட்" என்றால், பணி முடிந்துவிட்டது. "வில் பி ப்ராசெஸ்ட்" என்றால், இனிமேல்தான் நடைபெறும். "குட் நாட் பி ப்ராசெஸ்ட்" என்றால், இயலவில்லை; மீண்டும் முயல வேண்டும். நான்கிலும் "பேமெண்ட்", "ப்ராசெஸ்ட்" என்னும் பெரிய சொற்கள் மாறவே இல்லை. மாறியவை இடையில் உள்ள சின்னஞ்சிறு சொற்களே. பெரிய சொற்களை மட்டும் பார்த்துப் பொருள் கூறும் பிள்ளை நான்கிற்கும் "பணம் கட்டியாகிவிட்டது" என்றே கூறிவிடும். இயலாமற்போன கட்டணத்தைக் கட்டியதாக நம்பியவர் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்படலாம். நடந்துகொண்டிருக்கும் கட்டணத்தை இயலாமற்போனதாக எண்ணியவர் இருமுறை கட்டிவிடலாம்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள் நிலையும் இதுவே. "யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் ரிசீவ்ட்" என்பது, விண்ணப்பம் கிடைத்தது என்னும் அளவில் நிற்கிறது. "ஹேஸ் பீன் அப்ரூவ்ட்" என்பதுதான் ஒப்புதல். முன்னதைக் கண்டு பின்னதாக மகிழ்ந்து, வரும் என நம்பிய பணத்திற்குக் கடன் வாங்குதல் ஆகாது.

நாம் புனைந்த அறிவிப்பில் "ஹேட் பீன்" என்று வந்துள்ளதை நோக்குக. இந்நாட்டில் எழுதப்படும் ஆங்கிலத்தில் இப்பிழை மிகுதி. "ஹேஸ்" என்பதைவிட "ஹேட்" என்பது பணிவும் பெருமையும் உடையது என்று பலர் எண்ணுகின்றனர் போலும். உண்மையில் "ஹேட் பீன்" என்பது இறந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றிற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்த வேறொன்றைக் குறிப்பது. தமிழ் இதனைத் தெளிவாகக் காட்டும். "அறிக்கை ஏற்றப்பட்டுள்ளது" என்றால் இப்பொழுதும் அங்கே இருக்கிறது, சென்று பார்க்கலாம். "அறிக்கை ஏற்றப்பட்டிருந்தது" என்றால், கேட்பவர் "அப்படியா? பிறகு என்னவாயிற்று? எடுத்துவிட்டார்களா?" என்று வினவுவார். முன்னது "ஹேஸ் பீன்"; பின்னது "ஹேட் பீன்". ஐயம் வரும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, "உள்ளது" பொருந்துகிறதா, "இருந்தது" பொருந்துகிறதா எனத் தேர்ந்தால் விடை கிட்டும்.

செயப்பாட்டு வினையில் "பீன்" என்பதை விட்டுவிடுதலும் பொருளைக் கெடுக்கும். "யுவர் மெசேஜ் ஹேஸ் சென்ட்" என்று எழுதினால், செய்தி தானே எதையோ அனுப்பியதாகப் பொருள்படும். "கடிதம் அனுப்பப்பட்டது" என்பதற்குக் "கடிதம் அனுப்பியது" என எழுதுவதற்கு இஃது ஒப்பாகும். ஆயினும் "மெசேஜ் சென்ட்" என்று இரு சொல்லில் மட்டும் வருவது பிழையன்று. இடம் சிறிதாக இருக்கும்போது துணைவினை முழுவதையும் விடுவது ஆங்கில நாளேட்டுத் தலைப்புகளிலும் காணப்படும் மரபே. முழுவதும் விடலாம், பாதியை விட்டுப் பாதியை வைத்தலே பிழை.

இனி, "1 நியூ மெசேஜஸ்" என்பதைப் பார்ப்போம். எழுதியவர் மனிதராக இருந்தால் இப்பிழை அருகியே வரும். ஆனால் அறிவிப்பின் எண்ணைப் பெரும்பாலும் கணினியே நிரப்புகிறது. "யூ ஹேவ்" என்பது முன்னே, "மெசேஜஸ்" என்பது பின்னே, நடுவில் ஒரு வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் 5 வந்தாலும் 1 வந்தாலும் கணினி அப்படியே பொருத்திவிடும். இதற்கு அஞ்சிய சிலர், "மெசேஜ்" என எழுதி, "எஸ்" என்னும் எழுத்தை அடைப்புக்குறிக்குள் இட்டுவிடுகின்றனர். அது பிழையன்று என்றாலும் வேலையைப் படிப்பவர் தலையில் ஏற்றுவது. ஒருமைக்கு ஒரு வாக்கியமும் பன்மைக்கு ஒரு வாக்கியமும் தனித்தனியே எழுதிவைத்து, எண்ணைப் பார்த்து உரியதை எடுக்குமாறு கணினிக்குக் கற்பிப்பதே முறை.

மலாயும் தமிழும் பேசும் நம் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் இயல்பாகவே தடுமாற்றம் உண்டு. மலாயில் மூன்று புத்தகங்களைத் "தீகா புக்கு" என்பர். எண் வந்தபின் பெயர் மாறுவதில்லை. தமிழிலும் "பத்து வீடு", "நூறு மரம்" என்பது வழக்கே. "மரம் விழுந்தது", "மரம் விழுந்தன" என இரண்டிற்கும் பொதுவாய் நிற்கும் பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் தனியே பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. ஆங்கிலம் இச்சலுகையைத் தராது. ஒன்று என்றால் ஒருமை. மற்றவை யாவும் பன்மை. சுழியத்திற்கும் ஆங்கிலத்தில் பன்மையே வரும்: "0 மெசேஜஸ்". ஒன்றரை மணி நேரமும் "1.5 அவர்ஸ்" எனப் பன்மையே.

உலக மொழிகள் அனைத்தும் இரண்டு பிரிவோடு நின்றுவிடவில்லை என்பதையும் மாணவர்கள் அறிந்தால் வியப்பர். ரஷ்ய மொழியில் 1, 21, 31 ஆகியவற்றுக்கு ஒரு வடிவம், 2 முதல் 4 வரை மற்றொன்று, 5 முதல் 20 வரை வேறொன்று. அரபு மொழிக்கு ஆறு பிரிவுகள். அதில் இரண்டு என்பதற்கே தனி வடிவம் உண்டு. கணினி எழுத்துகளுக்குப் பொதுக் குறியீடு வகுக்கும் யூனிகோடு கூட்டமைப்பு, எந்த மொழிக்கு எத்தனை எண் வடிவங்கள் என்னும் பட்டியலையும் பேணி வருகிறது. அதில் மலாய்க்கு ஒன்று, தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் இரண்டு என்று குறிக்கப்பட்டுள்ளது. நம் பிள்ளைகள் கற்கும் மும்மொழிகளும் அப்பட்டியலில் எளிய வரிசையிலேயே இருக்கின்றன!

"ஏ", "ஆன்" என்னும் சிறு சொற்களைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். பின்வரும் சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் "ஆன்" என்று பள்ளியில் கற்கிறோம். எழுத்தைப் பாராது ஒலியைப் பார்க்க வேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லே இதற்கு நல்ல சான்று. "ஓ.டி.பி." என்று சுருக்கிச் சொன்னால் ஓகார ஒலியில் தொடங்குவதால் "ஆன் ஓ.டி.பி." என வரும். அதனையே விரித்து "வன் டைம் பாஸ்வேர்ட்" என்றால், வகர ஒலியில் தொடங்குவதால் "ஏ வன் டைம் பாஸ்வேர்ட்" என வரும். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன; ஒலியோ வேறு. இவ்வாறே "ஆன் எஸ்.எம்.எஸ்.", "ஏ யூசர்", "ஆன் அவர்" என்பனவும். ஒலிக்கின்றவாறே எழுதும் நம் தமிழ் எழுத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிப் பார்த்தால் இவ்விதி தானே விளங்கிவிடும். இஃது ஒரு சிறு நன்மை.

"லாகின்" என்று ஒரே சொல்லாக எழுதினால் பெயர்ச்சொல். உள்நுழைவு எனப் பொருள்படும். "லாக் இன்" என்று பிரித்து எழுதினால் வினைச்சொல். உள்நுழைக எனப் பொருள்படும். புனைந்த அறிவிப்பில் ஏவல் வினை வர வேண்டிய இடத்தில் பெயர் வந்துவிட்டது. இதனால் யாருக்கும் இழப்பு நேராது. எனினும் பிழை பிழையே.

"அன்டில் ஃபிரைடே" என்பது அவ்வாறன்று. "பை ஃபிரைடே" என்றால் வெள்ளிக்குள். "அன்டில் ஃபிரைடே" என்றால் வெள்ளி வரை. வெள்ளிக்குள் மறுமொழி தருக என்றால் ஒருமுறை தந்தால் போதும். வெள்ளி வரை மறுமொழி தருக என்றால் நாள்தோறும் தந்துகொண்டே இருக்க வேண்டும் போலும்! கட்டணம் செலுத்தும் கடைசி நாளைக் கூறும்போது "பை" என்றே வர வேண்டும். அலுவலகம் திறந்திருக்கும் காலத்தைக் கூறும்போது "அன்டில்" என்று வர வேண்டும். கிழமையோடு தேதியையும் குறிப்பது நன்று. தேதியில் மாதத்தைப் பெயரால் எழுதுக. நாம் 03/04 என எழுதினால் ஏப்ரல் 3 எனக் கொள்வோம். அமெரிக்க முறையில் அமைந்த அகப்பக்கமோ அதனை மார்ச் 4 எனக் கொள்ளும்.

ஐயத்திற்குரிய சொல் "ரிவர்ட்". பொது ஆங்கிலத்தில் அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புதல் என்பது பொருள். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளின் அலுவலகங்களில் அது மறுமொழி தருதல் என்னும் பொருளில் வழங்குகிறது. இங்குள்ளோர் விளங்கிக்கொள்வர் என்றாலும், "ரிப்ளை" என்னும் சொல் இருக்க இதனை ஏன் நாட வேண்டும் என்பதே நம் கருத்து.

அறிவிப்போடு வரும் பொத்தான்களிலும் இலக்கணம் உண்டு. "டூ யூ வான்ட் டு கேன்சல் யுவர் ஆர்டர்?" என்று கேட்டுவிட்டு, கீழே "ஓகே", "கேன்சல்" என இரண்டு பொத்தான்களை வைத்தால், கேட்பையே நீக்க விரும்புபவர் எதனை அழுத்துவார்? "கேன்சல்" என்பது கேட்பை நீக்குமா, நீக்கும் எண்ணத்தை நீக்குமா? வினாவில் வந்த வினைச்சொல்லை முழுமையாகப் பொத்தானிலும் எழுதி, எதிரே "கீப் ஆர்டர்" என வைத்துவிட்டால் குழப்பம் தீரும். இது பிள்ளைகளுக்கு நகைப்பாகத் தோன்றலாம். பேருந்துச் சீட்டைத் தெரியாமல் நீக்கிவிட்டு நிற்பவருக்கு நகைப்பாகத் தோன்றாது.

பெற்றோர் பெருமக்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இனி வருகிறது. "ஆங்கிலத்தில் பிழை மலிந்திருந்தால் அது மோசடிச் செய்தி" என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்கருத்து ஒருகால் உதவியது. இன்று அதனை நம்பியிருத்தல் தீங்கு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எத்தகைய மோசடிக்காரரும் பிழையற்ற ஆங்கிலத்தை நொடியில் எழுதிவிட இயலும். மறுபுறம், உண்மையான நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளிலும் மேலே கண்ட பிழைகள் வருகின்றன. ஆகவே பிழையின்மை நன்மைக்குச் சான்றன்று. பிழை தீமைக்கும் சான்றன்று.

எனின், மோசடிச் செய்தியை எதனைக் கொண்டு ஐயுறுவது? அதன் வாக்கிய அமைப்பைக் கொண்டு ஐயுறலாம். "யுவர் அக்கவுண்ட் வில் பி சஸ்பெண்டட் அன்லெஸ் யூ வெரிஃபை இமீடியட்லி" என்பது போன்ற தொடரை எடுத்துக்கொள்வோம். உடனே உறுதிப்படுத்தாவிடில் உங்கள் கணக்கு முடக்கப்படும் என்பது பொருள். முடக்குபவர் யார்? செயப்பாட்டு வினையாதலால் எழுவாய் மறைந்துவிட்டது. "அன்லெஸ்" என்பது அச்சுறுத்தலைக் கட்டளையோடு முடிச்சிடுகிறது. "இமீடியட்லி" என்பது பிறரைக் கேட்டறிய நேரம் தராமல் விரட்டுகிறது. மறைந்த எழுவாய், முடிச்சிட்ட அச்சுறுத்தல், விரட்டும் சொல் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்து, அழுத்துவதற்கு ஓர் இணைப்பும் இருந்தால், அதனைத் தொடலாகாது. உண்மையான வங்கியும் சில வேளை இவ்வாறு எழுதக்கூடும், அதனால் இழப்பில்லை. வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணை அழைத்துக் கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். பணம் பறிபோனதாக அறிந்தால், மலேசியாவில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்னும் எண்ணில் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல், தம் பெயரைப் பதிவு செய்யாத நிறுவனங்களின் குறுஞ்செய்திகள் "லைக்லி-ஸ்கேம்" என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன. மோசடியாக இருக்கக்கூடும் என்பது அதன் பொருள். "மோசடி" என்று அறுதியிட்டுக் கூறாமல் "இருக்கக்கூடும்" என்று அளந்து கூறுகின்ற அவ்வொரு சொல்லைப் பாருங்கள். பதிவு செய்ய மறந்த நேர்மையானவர்மீது பழி சுமத்தாமலும், படிப்பவரை எச்சரிக்காமல் விடாமலும் அது நிற்கிறது.

"இத்தொல்லை எதற்கு, தமிழிலேயே அனுப்பினால் என்ன?" எனக் கேட்போரும் உளர். விருப்பம் நமக்கும் உண்டு. ஆனால் குறுஞ்செய்தியின் அமைப்பில் ஓர் இடர் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. தமிழ் எழுத்து ஒன்று புகுந்தாலும் அது 70 இடங்களாகக் குறைந்துவிடும். அதிலும் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனி இடம் பெறும். "தமிழ்" என்னும் மூன்றெழுத்துச் சொல்லே ஐந்து இடங்களை எடுத்துக்கொள்ளும். புலனம் முதலிய செயலிகளில் இவ்விடர் இல்லை; அங்குத் தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

இனி, நாம் புனைந்த அறிவிப்பைத் திருத்தி எழுதுவோம். "டியர் பேரண்ட், யுவர் சைல்ட்ஸ் ரிப்போர்ட் ஹேஸ் பீன் அப்லோடட். யூ ஹேவ் 1 நியூ மெசேஜ். ப்ளீஸ் லாக் இன் அண்ட் ரிப்ளை பை ஃபிரைடே." வெள்ளிக்கிழமையின் தேதியை இறுதியில் சேர்த்துக்கொள்க. "ப்ளீஸ் பி இன்ஃபார்ம்ட் தட்" என்னும் தொடரை முழுவதும் நீக்கிவிட்டோம். அறிவிப்பு என்றாலே அறிவிப்பதுதான். அறிவிக்கிறோம் என்று அதில் மீண்டும் கூற வேண்டுவதில்லை.

மாணவர்கள் வீட்டில் பயில்வதற்கு நான்கு தொடர்கள் தருகிறோம். "யுவர் ஆர்டர் ஹேவ் பீன் ஷிப்." "தேர் ஈஸ் 3 நியூ நோட்டிசஸ்." "என்டர் ஏ ஓ.டி.பி. டு கன்டினியூ." "யுவர் ஃபார்ம் ஹேட் ரிசீவ்ட்; ப்ளீஸ் பே அன்டில் 5 மே." இவற்றுள் முதல் தொடரிலும் நான்காம் தொடரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் உள்ளன. திருத்தியவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, அம்மாவிடமோ அப்பாவிடமோ தமிழில் பொருள் கூறி, பின்னர் வகுப்பாசிரியரிடம் காட்டுக.